குதிரையும் அங்கியும் வாசலும்

கர்கராலிப் பண்ணை
4 செப்டம்பர் 1977

தங்கச்சி தாமேஷுக்கு, ஒரின்ஷா அக்கா எழுதறது.

அங்கே சின்னதும் பெரிசுமா எல்லாரும் சுகமா? சுரங்கத்துக்குள்ளே போற என் கொழுந்தன் தினமும் முழுசா வீடு வந்து சேர்றாரா? இங்கே ஆடும் சுகம், குதிரையும் சுகம். மனுஷங்கதான் இருமிக்கிட்டுக் கிடக்கோம். உங்க பெரியவருக்கு மறுபடி மார்ச்சளி.

இந்தக் கடுதாசி வர்றதுக்குள்ளே ரைகான் உன் வீட்டுல வந்து இறங்கியிருப்பா. நர்ஸ் படிப்பு முடியறவரைக்கும் அவளை உன் கையில ஒப்படைக்கிறேன். விடுதியில விடலாம்னுதான் நான் சொன்னேன். "சொந்தத் தம்பி வீடு இருக்கையில விடுதி எதுக்கு"ன்னு உங்க பெரியவர் ஒரே பிடியா நின்னுட்டார். சரி. அவளுக்கு வெங்காயம் ஆகாது. சுவரோரமாப் படுத்தாத்தான் தூக்கம் வரும். தலைமுடியை யார் சொன்னாலும் வெட்டக் கூடாது, பத்தொன்பது வருஷமா நான் தயிர் தேய்ச்சு வளர்த்த முடி.

போன வாரம் இங்கே பிள்ளைங்க ஆறுகால் ஊஞ்சல் கட்டி விளையாடினாங்க. ரைகான் தோத்துட்டா. பக்கத்துப் பண்ணை மாட்டு டாக்டர் பையன் மக்சூத் இருக்கானே, அவன்தான், "தோத்தவ அயிப் கொடு, ஒரு பாட்டுப் பாடு"ன்னான். பாடினா பாரு, ஆட்டுப்பட்டி வரைக்கும் கேட்டுது. அந்தப் பையன் வாயை மூட மறந்து நின்னான்.

அயிப்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. நீ மறந்திருக்க மாட்டே. ஆனாலும் எழுதறேன், என் மனசு அடங்கறதுக்கு. ரைகான் பிறந்து நாற்பது நாள் கழிஞ்ச அன்னிக்கு உன் மடியிலேர்ந்து எடுத்து அத்தை அவளை என் மடியில போட்டாங்க. போடறப்பவே சொன்னாங்க: "பெத்தவ யாருன்னு இந்தக் குழந்தை காதுல போடறது உங்க ரெண்டு பேர்ல யாரா இருந்தாலும், அவளுக்கு அயிப். குதிரையும் அங்கியும் அடுத்தவளுக்குத் தரணும். கல்யாணப் பொண்ணா இவ ஒவ்வொருத்தருக்கும் விடைப்பாட்டுப் பாடிக் கிளம்பறப்ப வாசல்ல நின்னு தாய்ப்பாட்டு வாங்கற பாத்தியதையும் போச்சு." நம்ம மாமியார் போய்ச் சேர்ந்துட்டாங்க, வார்த்தை போகலே. ஊரே அதுக்குப் பயந்து வாயைக் கட்டிக்கிட்டு இருக்கு.

உன்னை அவ சித்தின்னுதான் கூப்பிடுவா. அப்படியே இருக்கட்டும். இதைப் படிச்சதும் அடுப்புல போட்டுடு.

எல்லாருக்கும் என் முத்தம்.
ஒரின்ஷா


கரகண்டா
20 செப்டம்பர் 1977

அன்புள்ள அக்காவுக்கு, தாமேஷ் வணக்கத்தோட எழுதறது.

இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம். உங்க கொழுந்தன் நிலக்கரி மாதிரி வீட்டுக்கு வந்து, ரெண்டு வாளித் தண்ணிக்கு அப்புறம் மனுஷர் ஆகறார். பெரியவருக்கு ஆட்டு வால்கொழுப்பை உருக்கிப் பால்ல போட்டுக் கொடுங்க, சளி இளகும்.

ரைகான் வந்த அன்னிக்கே சூப்பு வச்சேன். ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடிச்சா. மூணாவதும் கேட்டா. அதுக்கு அப்புறம்தானே வெங்காயம் ஆகாதுன்னு உங்க கடுதாசி வந்தது! நான் என்ன பண்ணட்டும், வயித்துக்குள்ளே கையை விட்டு வெங்காயத்தைத் திருப்பி எடுக்கவா? சுவரோரமா என் சின்ன மக பயான் படுப்பா. ரைகான் வெளிப்பக்கமாப் படுத்து நல்லாத்தான் குறட்டை விடறா.

பயான் ரஷ்யப் பள்ளிக்கூடத்துல படிக்கிறா இல்லே, நம்ம பேச்சு பாதி புரியறதில்லே. ஊஞ்சல் கதையை ரைகான் சொன்னப்ப, "அயிப்னா பஸ்ல டிக்கெட் எடுக்காம மாட்டினாக் கட்டறதா?"ன்னு கேட்டா. நான் சொன்னேன், "அது வேற கண்ணு. அது பணம், கட்டிட்டு அடுத்த பஸ்ல ஏறிடலாம். அயிப்னா வார்த்தை தவறினவ தனக்கு ரொம்பப் பிடிச்சதைத் தன் கையாலே எடுத்து எதிராளி கையில கொடுக்கறது. வாங்கிக்கிட்டா, அந்தத் தப்பைப் பத்தி அப்புறம் யாரும் மூச்சு விடக் கூடாது." ரைகான் டீயை ஆத்திக்கிட்டே, "எதிராளி வாங்கிக்க மாட்டேன்னா, சித்தி?"ன்னா. "அப்ப அது சாகறவரைக்கும் தொண்டையில நிக்கும்"னேன்.

அத்தை சொன்னது எனக்கு மறக்கலே, அக்கா. மறக்கறதுக்கு நீங்க எங்கே விடறீங்க? ஒவ்வொரு கடுதாசியிலேயும் எழுத வேண்டாம். எனக்கு அன்னிக்கு இருபத்தி மூணு வயசு. பால் கட்டிக்கிட்டு ஒரு வாரம் காய்ச்சல்ல கிடந்தேன். அதெல்லாம் எதுக்கு இப்ப.

உங்க கடுதாசியை அடுப்புல போட்டுட்டேன்.
தாமேஷ்


கர்கராலிப் பண்ணை
27 நவம்பர் 1977

தங்கச்சி தாமேஷுக்கு,

சுகம்தானே? இங்கேயும் சுகம்தான். பதில் எழுத நேரம் இல்லே. குளிர்காலத்துக்குக் குதிரை அறுத்தோம், குடல் கழுவறதும் உப்புத் தடவறதுமாப் பொழுது போச்சு. சமையல்கட்டு பூராப் புகை. அந்த ஒத்தை ஜன்னல் மரம் உப்பி இறுகிப்போய் எத்தனை வருஷம் ஆச்சு, யாருக்காவது திறக்க வக்கு இருக்கா? ரைகான் கடுதாசியைச் சமையல்கட்டுல உக்காந்துதான் படிச்சேன். கண்ணுல தண்ணி வந்துது, புகைதான். நீ வேற எதையும் நினைச்சுக்காதே.

போன புதுசுல நாலு பக்கம் எழுதினா. இப்ப ஒண்ணரைப் பக்கம். அதுலேயும் பாதி "சித்தி சூப்பு, சித்தி சொன்னாங்க, சித்தி சிரிச்சாங்க." வெங்காயம் ஆகாதுன்னு நான் சொன்னது அவ குழந்தையா இருந்தப்ப உடம்பெல்லாம் தடிச்சுப் போனதைப் பாத்து. அந்த ராத்திரி முழுக்கத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தவளுக்குத்தான் அது தெரியும்.

கோட் வாங்கிக் கொடுத்தியாமே, ரோமக் காலர் வச்சு! நான் நெய்து கொடுத்தனுப்பின கம்பளிச் சால்வை இருக்கு. ஒட்டகமுடிச் சட்டை இருக்கு. கோட் எதுக்கு? கேக்கறதுல தப்பு இல்லையே.

பஸ் டிரைவர்கிட்ட குதிரைக்கறி கொடுத்தனுப்பியிருக்கேன். சிவப்பு நூல் கட்டின பை ரைகானுக்கு மட்டும், விலாக் கொழுப்பு அதுலதான் இருக்கு. கறுப்பு நூல் கட்டினது உங்களுக்கு, அதுவும் நல்ல கறிதான்.

இன்னொரு சேதி. மக்சூத்தோட அப்பா வந்து பேசிட்டுப் போனார். பொண்ணுக்கும் சம்மதம்னு அவளே எழுதியிருக்கா. வர்ற கோடையில நம்ம வீட்டுல வச்சுத் தோடு போட்டு நிச்சயம் பண்ணி, ஆகஸ்டுல அனுப்பி வைக்கலாம்னு வாக்குக் கொடுத்திருக்கோம். நம்ம வீட்டுல வச்சு.

ஒரின்ஷா


கரகண்டா
6 ஜனவரி 1978

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷம் எல்லாருக்கும் நல்லதாப் பிறக்கட்டும். பெரியவர் இருமல் தணிஞ்சுதா? ஆடுங்க குட்டி போடற காலம் வருது, உங்களுக்கு இடுப்பு ஒடியும், பாத்து.

கறி வந்துது. சிவப்பு நூல் கட்டின பையை ரைகான்தான் அவிழ்த்தா. அவளே அறுத்து எல்லார் தட்டுலேயும் ஒவ்வொரு துண்டு வச்சா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். "அம்மா அனுப்பினது சித்தி, நீங்க தின்னா சந்தோஷப்படுவாங்க"ன்னா. சந்தோஷம்தானே?

கோட் எதுக்குன்னு கேட்டிருந்தீங்க. இங்கே காத்து சால்வைக்கெல்லாம் மசியாது. கடையில போட்டுப் பாத்தப்ப அங்கே இருந்தவ என்னையும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்தா. "பொண்ணு அம்மாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கே!"ன்னா. ரைகான் சிரிச்சா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் மச்சாண்டார் மக. எங்க வீட்டு ஆம்பளைங்க ஜாடை"ன்னேன். சொல்லிட்டு, கோட்டை மடிக்கிற சாக்குல திரும்பிக்கிட்டேன். வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டேன் அக்கா. முழுங்கினதுக்கு அயிப் உண்டா? அத்தை அதைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா? உங்களுக்குத்தானே எல்லாம் ஞாபகம் இருக்கு, எழுதுங்க.

தினம் காலையில நான்தான் அவளுக்குப் பின்னல் போடறேன். வெட்டலே, பயப்படாதீங்க.

தாமேஷ்


கர்கராலிப் பண்ணை
2 பிப்ரவரி 1978

தாமேஷுக்கு,

சுகம். நீயும் சுகமா இரு.

ரைகானை விடுதியில சேர்த்துடு. இடம் இருக்குன்னு விசாரிச்சுட்டேன். உன் வீடு சின்னது, உனக்கும் நாலு குழந்தைங்க, எதுக்குத் தொந்தரவு.

பின்னலை அவளே போட்டுக்குவா. ஏழு வயசுலேயே கத்துக் கொடுத்திருக்கேன்.

ஒரின்ஷா


கரகண்டா
25 மார்ச் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், அங்கே எப்படி? குட்டிங்க எத்தனை தேறிச்சு? பதில் போடத் தாமதம் ஆயிடுச்சு, கோபிச்சுக்காதீங்க. பயானுக்கு அம்மை போட்டு எழுந்தா. வசந்தம் பிறந்ததுக்கு நவ்ரூஸ் கஞ்சி காய்ச்சிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். கிண்டினது ரைகான்தான், கை வலிக்கலேன்னு அடம். பனி உருகித் தெருவெல்லாம் ஒரே சேறு. உங்க கொழுந்தனுக்குச் சுரங்கத்துல பாராட்டுப் பத்திரம் கொடுத்தாங்க, சுவத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கோம், கோணலா.

விடுதி விஷயம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

அப்புறம், மக்சூத்தோட அம்மா பல் பிடுங்கிக்க டவுனுக்கு வந்திருந்தாங்க. கன்னம் வீங்கிப்போய் நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குடிச்சாங்க. கையில தோடு கொண்டு வந்திருந்தாங்க. கோடை வரைக்கும் பொறுக்க முடியலேன்னு அப்படியே ரைகான் காதுல போட்டுட்டுப் போயிட்டாங்க. வந்தவங்க கையை நான் பிடிச்சுத் தடுக்கவா முடியும்? வெள்ளித் தோடு, சின்னப் பவளம் வச்சது. அவளுக்கு எடுப்பா இருக்கு.

வேற விசேஷம் ஒண்ணும் இல்லே.

தாமேஷ்


கர்கராலிப் பண்ணை
5 ஏப்ரல் 1978

வேற விசேஷம் ஒண்ணும் இல்லையா, தாமேஷ்?

சுகம் விசாரிக்கிற மனசு இன்னிக்கு இல்லே. மக்சூத்தோட அம்மா நேத்து இங்கே வந்தா. வீக்கம் வடிஞ்சுடுச்சு, நாக்கு நல்லாவே புரண்டுது. தோடு மட்டும் போடலையாமே. பால்சீரும் வச்சாளாமே, வெள்ளைப் பட்டுச் சால்வை! "இது பொண்ணுக்குப் பால் கொடுத்தவங்களுக்கு"ன்னு உன் மடியில வச்சாளாம். நீ எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டியாம். அழகா இருந்துதாம்.

அடிப்பாவி! "இது என் ஓரகத்திக்குச் சேர வேண்டியது, அங்கே கொண்டு போங்க"ன்னு ஒரு வார்த்தை வரலையா உனக்கு? பால்சீர்னா தாய்க்குன்னு தெரியாத பொண்ணு நம்ம ஜாதியில இருக்காளா? ரைகான் டீக் கெட்டிலோட அங்கேயேதான் நின்னாளாம். பாத்துக்கிட்டு நின்னாளாம். அவ என்ன நினைச்சிருப்பா? நீ வாயைத் திறக்கலேன்னு சொல்வே. வாயைத் திறக்கலே, கையை நீட்டினே. அதுக்கு மேல என்ன சொல்லணும்?

வீட்டுல நாலு இருக்கறவளுக்கு ஒண்ணு எனக்கு விட்டுக் கொடுக்க மனசு இல்லே. எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதாண்டி. ராத்திரி கண்ணை மூடினா நீ அந்தச் சால்வையைப் போட்டுக்கிட்டு நிக்கறே. வயிறு எரியுது. ஆமா, பொறாமைதான், நல்லாப் படிச்சுக்கோ.

அயிப் கொடு. குதிரை எங்கே இருக்குன்னு நீ தேட வேண்டாம், மாமனார் உங்களுக்குன்னு விட்ட செந்நிறக் குதிரை எங்க மந்தையிலதான் மேயுது. இன்னிக்கு அதுக்கு எங்க சூடு போட்டாச்சு. அங்கி உன் கையால தைச்சு அனுப்பு. ஆகஸ்டுல கல்யாணத்துக்கு வா, சாப்பிடு, போ. அவ கிளம்பறப்ப வாசப் பக்கம் உன் நிழல் கூட விழக் கூடாது.

ஒரின்ஷா


கரகண்டா
19 ஏப்ரல் 1978

அக்காவுக்கு,

உடம்பைப் பாத்துக்கோங்க. பெரியவரையும் கேட்டதாச் சொல்லுங்க.

அங்கி அனுப்பியிருக்கேன், பஸ் டிரைவர்கிட்ட இருக்கு. பச்சை வெல்வெட், ஓரத்துல ஆட்டுக்கொம்புக் கோலம். ராத்திரியெல்லாம் உக்காந்து தைச்சேன், விரல் நுனியெல்லாம் ஓட்டை. குதிரையை வச்சுக்கோங்க. உங்க கொழுந்தனுக்கு அந்தக் குதிரை மேல உயிர், ஆனாலும் வச்சுக்கட்டும்னுட்டார்.

ஆனா வாசலைக் கேக்காதீங்க அக்கா.

அத்தை சொன்னது "காதுல போடறவளுக்கு." நான் போடலே. இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே படுக்கை அறை, ஒரே அடுப்பு, ஒரே சீப்பு, அப்பவும் போடலே. நீங்களா இருந்தா முடிஞ்சிருக்குமா? அவளும் அந்தச் சால்வையைப் பத்தி அன்னிக்கு ஒண்ணும் கேக்கலே. அப்புறமும் கேக்கலே.

ஏன் எடுத்துப் போட்டுக்கிட்டேன்னு கேட்டீங்க. எனக்கே தெரியலே. மடியில வந்து விழுந்துது. அந்த மடியிலேர்ந்துதான் அவளை எடுத்தாங்க. பத்தொன்பது வருஷமா உங்க கடுதாசி வர்றப்பல்லாம் "என் மக நடந்தா, என் மக பேசினா, என் மக பள்ளிக்கூடத்துல முதல்"னு எழுதுவீங்க. உங்க கொழுந்தன் சத்தமாப் படிப்பார். நான் பாத்திரம் கழுவிக்கிட்டே கேப்பேன். உங்களுக்கு ஒரு நாள் வயிறு எரிஞ்சுது. எனக்கு எத்தனை நாள் எரிஞ்சுதுன்னு நான் கணக்கு வச்சுக்கலே.

அவ சூப்புக் கிண்ணத்தை நீட்டி "சித்தி, இன்னும் கொஞ்சம்"பா. அந்த "சித்தி" ஒவ்வொரு தடவையும் கல்லாட்டம் வந்து விழும். நான் சிரிச்சுக்கிட்டே ஊத்துவேன். இதைவிட என்ன அயிப் இருக்கு?

வாசல்ல ஓரமா நின்னுக்கறேன். பாட்டு எனக்கு வேண்டாம். நிக்க மட்டும் விடுங்க. பதில் போடுங்க.

தாமேஷ்


கோடை மேய்ச்சல்வெளியிலிருந்து
9 ஜூலை 1978

தங்கச்சி தாமேஷுக்கு, உன் அக்கா ஒரின்ஷா எழுதறது.

நீ சுகமா? பயானுக்கு அம்மைத் தழும்பு மறைஞ்சுதா? உன் கடுதாசி வந்து ரொம்ப நாள் ஆச்சு. பதில் போடக் கூடாதுன்னுதான் இருந்தேன். இப்ப போட்டே ஆகணும்.

ரைகான் பரீட்சை முடிஞ்சு ஜூன்ல வந்தா. மேய்ச்சலுக்கு எங்களோடவே கூடாரத்துக்கு வந்துட்டா. வந்ததுலேர்ந்து ஒரு மாதிரியா இருந்தா. "இந்தாங்க டீ"ம்பா, "தண்ணி கொண்டு வரட்டுமா"ம்பா, அம்மாங்கிற வார்த்தை மட்டும் வாயில வரலே. நான் காதைத் தீட்டிக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தேன். வரவே இல்லே. சரி, சால்வையைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டா, மனசுக்குள்ளே உன்கிட்ட போயிட்டான்னு நினைச்சேன். அவ தூங்கறப்ப முகத்தைப் பாப்பேன். எங்கே பாத்தாலும் நீதான். மூக்கு நீ, நெத்தி நீ. இத்தனை வருஷமா இது எப்படி என் கண்ணுல படாமப் போச்சு?

ஒரு நாள் குதிரைப்பால் கறந்துக்கிட்டிருந்தேன். குட்டியை அவ பிடிச்சுக்கிட்டு நின்னா. குதிரை உதைச்சு வாளி கவிழ்ந்து, பால் பூரா என் மேல. அவ சிரிச்சா. அது உன் சிரிப்பு, தாமேஷ். நீ மருமகளா வந்த முதல் வருஷம் சிரிப்பியே, அத்தை கூடத் திட்டுவாங்களே, அதே சிரிப்பு. எனக்கு எங்கேருந்து அவ்வளவு ஆத்திரம் வந்துதோ. "என்னைப் பாத்தா சிரிப்பா வருதா? போ, உன்னைப் பெத்தவகிட்டயே போ! கரகண்டாவுலதானே இருக்கா!"ன்னு கத்திட்டேன்.

குட்டியோட கயிறு அவ கையிலேர்ந்து நழுவிடுச்சு.

அவளுக்குத் தெரியாதுடி. ஒண்ணுமே தெரியாது. "சித்தி டவுன்ல என்னைப் பாத்துக்கிட்டதுக்குத்தான் அந்தச் சால்வைன்னு நினைச்சேன்"ன்னா. உம்முன்னு இருந்தது எதுக்குன்னா, உடற்கூறு பரீட்சையில தேறலையாம், என்கிட்ட சொல்லப் பயமாம். பரீட்சை! நான் என்னத்தையோ நினைச்சு, என் வாயாலேயே கொட்டிட்டேன். நீ குளிர்காலம் பூரா முழுங்கினதை நான் ஒரு நிமிஷத்துல துப்பிட்டேன்.

அவ ஓடிப்போய்க் குட்டியைப் பிடிச்சுக் கட்டினா. வாளியை எடுத்து நிமிர்த்தினா. அப்புறம் வந்து உக்காந்து எல்லாத்தையும் கேட்டா. அத்தை சொன்னது வரைக்கும் சொன்னேன். கடைசியில, "அப்ப அயிப் யாருக்கு?"ன்னா. "எனக்கு"ன்னேன்.

மூணு நாள் என்னோட பேசலே. நாலாம் நாள் காலையில மாவு பிசைஞ்சுக்கிட்டே, "அம்மா, உப்பு எங்கே?"ன்னா. நான் கூடாரத்துக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன். அன்னிக்குப் புகை எல்லாம் இல்லே.

பச்சை அங்கி திரும்பி வருது, நான் கையைக் கூட நுழைக்கலே. அதோட என் பங்குக்கு ஒரு அங்கி, நீலம். செந்நிறக் குதிரை உன்னுது. அதுக்குப் பக்கத்துல என் சாம்பல் குதிரையும் இனி உன்னுது. நான் கல்யாணமாகி ஏறி வந்த குதிரையோட வம்சம், உனக்குத் தெரியும். வாசலும் உன்னுது. நான் சமையல்கட்டுல இருந்துக்கறேன், கல்யாணத்தன்னிக்கு அங்கே ஆள் வேணும்தானே.

இதை எழுதறப்பவும் பொறாமையாத்தான் இருக்கு.

ஒரின்ஷா


கரகண்டா
18 ஜூலை 1978

அன்புள்ள அக்காவுக்கு, தாமேஷ் எழுதறது.

ஆட்டுக்கும் குதிரைக்கும் மனுஷங்களுக்கும் நோய் நொடி வராம இருக்கட்டும். இங்கே எல்லாரும் சுகம்.

உங்க கடுதாசியைப் படிச்சதும் எனக்குச் சந்தோஷம் தாங்கலே. மறைக்க மாட்டேன். வேணும் நல்லா வேணும்னு வாய்விட்டே சொன்னேன். நீல அங்கியைப் போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னால நின்னேன். வெள்ளைச் சால்வையையும் எடுத்து மேல போட்டுக்கிட்டு, ஆகஸ்டுல வாசல்ல எப்படி நிக்கறதுன்னு நின்னு பாத்தேன். உங்க கொழுந்தன் கதவோரம் நின்னு பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டுப் போனார்.

அதுக்கு மறுநாள் ரைகான் கடுதாசி வந்துது. அவளுக்கு இப்ப எல்லாம் தெரியும், என்னன்னு ஆரம்பிச்சிருப்பா? பிரிச்சு முதல் வரியைப் பாத்தேன். "அன்புள்ள சித்திக்கு."

கீழே நிறைய எழுதியிருக்கா. நல்லாத்தான் எழுதியிருக்கா, பாசமா எழுதியிருக்கா. "உங்க மேல எனக்குக் கோபம் இல்லே சித்தி"ன்னு கூட இருக்கு. ஆனா எனக்கு அந்த முதல் வரியே போதும்னு ஆயிடுச்சு. மடிச்சு வச்சுட்டுப் போய் வெங்காயம் நறுக்கினேன்.

யோசிச்சுப் பாத்தேன் அக்கா. நான் வாசல்ல நின்னா அவ பாடுவா. ஆனா எனக்குச் சித்திப்பாட்டுதான் பாடுவா. தாய்ப்பாட்டை வாங்க அங்கே ஆள் இருக்காது. அது அந்தரத்துல நிக்கும். என் பொண்ணு பாட்டு அப்படி நிக்க நான் விட மாட்டேன்.

அயிப்பை விதிச்சது அத்தை. எதை வாங்கறது, எதை விடறதுங்கிறது என் இஷ்டம். ரெண்டு குதிரையையும் வாங்கிக்கறேன். உங்க சாம்பல் குதிரையைச் சும்மா விட மாட்டேன், ஏறி ஒரு சுத்து வந்து, நீங்க பாக்கற மாதிரி வருவேன். நீல அங்கியையும் வாங்கிக்கறேன். தப்பு தீர்ந்துது, இனி இதைப் பத்தி நீங்களும் எழுதக் கூடாது, நானும் எழுத மாட்டேன். வாசல் மட்டும் எனக்கு வேண்டாம், அதை நீங்களே வச்சுக்கோங்க. பால்சீரைத் திருப்பிக் கேக்காதீங்க, அது தர மாட்டேன். நாற்பது நாள் குடிச்சா, அது என்னுது.

சமையல்கட்டுல நான் இருக்கேன். அங்கேருந்து வாசல் தெரியாது, நல்லதுதான். பாத்தா வயிறு எரியும். அந்த ஜன்னல் திறக்காதுன்னு தெரியும். பரவாயில்லே, அவ குரல் ஆட்டுப்பட்டி வரைக்கும் கேக்கும்னு நீங்கதானே எழுதினீங்க. கண்ணாடி வழியாக் கேக்கறது போதும்.

பெரியவருக்கு இருமல் மருந்து அனுப்பியிருக்கேன், காலையும் ராத்திரியும் ஒரு கரண்டி.

தாமேஷ்


கர்கராலிப் பண்ணை
29 ஜூலை 1978

தங்கச்சி தாமேஷுக்கு, அக்கா ஒரின்ஷா எழுதறது.

எல்லாரும் சுகமா வந்து சேருங்க. சமையல்காரியா வர்றியே, உன் பெரிய கரண்டியையும் கொண்டு வா, இங்கே இருக்கறது பிடி உடைஞ்சு கிடக்கு. சூப்புல வெங்காயம் போட்டுக்கோ, எவ்வளவு வேணுமோ போட்டுக்கோ.

அந்த வெள்ளைச் சால்வையைப் போட்டுக்கிட்டு வராதேன்னு எழுத நினைச்சேன். எழுதலே.

நேத்து மேய்ச்சலிலேர்ந்து வீட்டுக்கு இறங்கி வந்தோம். உங்க பெரியவரை உளியும் இழைப்புளியும் எடுத்துக்கிட்டு வரச் சொன்னேன். "கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு, இப்ப என்ன தச்சு வேலை?"ன்னு அவர் கத்தினார். நான் பக்கத்துலேயே நின்னேன். சாயங்காலம் வரைக்கும் இழைச்சார். சமையல்கட்டு ஜன்னல் இப்ப ஒரு விரலால தள்ளினாத் திறக்குது.

ஒரின்ஷா